டெலவர்ல என்ன வெளையுது?

ஜோதி: கொஞ்சம் தள்ளி உக்காருங்க மதினி. இப்ப நான் உங்க நாத்தனா ஜோதிலட்சுமி இல்ல. சென்னையில கண்ணாடிக்கு அங்கிட்டு உக்காந்திருக்க விசா ஆபீசர். அந்தக் கத்திரியக் கீழ வைங்க. கத்திரியோட போனா வாசல்லயே புடிச்சு வச்சுக்கிருவாக.

பவுனு: கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராதுடி. நான் பாட்டுக்குத் திராட்சைக் கொத்துல அழுகுன பழத்த வெட்டிக்கிட்டே சொல்றேன். நீ பாட்டுக்குக் கேளு.

ஜோதி: சரி... "வணக்கம். உங்கள் பெயர் என்ன?"

பவுனு: எதுக்குடி மூக்கால பேசுற?

ஜோதி: வெள்ளக்காரத் தமிழ் அப்பிடித்தான் இருக்கும். பதில் சொல்லுங்க.

பவுனு: பேரு பவுனு. ஊரு ஓடைப்பட்டி. வயசு அம்பத்தெட்டு. ரெண்டரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். வீட்டுக்காரரு தவறி எட்டு வருசமாச்சு...

ஜோதி: பேரத்தான் கேட்டாரு. கண்ணாடிக்குள்ள இருக்க மனுசன அழுக வைக்காதீக. "அமெரிக்காவில் எந்த ஊருக்குச் செல்கிறீர்கள்?"

பவுனு: டெலவர்.

ஜோதி: "எதற்காக?"

பவுனு: டெலவர் வந்து அமெரிக்காவுலயே ரெண்டாவது சின்ன மாநிலம். மொத்தமே மூணு ஜில்லாதான். நம்ம தேனி ஜில்லாவப்போல ரெண்டு பங்கு இருக்கும்...

ஜோதி: மதினி. எதுக்குப் போறீகன்னு கேட்டேன்.

பவுனு: அங்கனதான வர்றேன். கோழி. அமெரிக்காவுல பிராய்லர் கோழிய ஒரு தொழிலா ஆரம்பிச்சதே அந்த மாநிலந்தான். சனம் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. வருசத்துக்கு வளக்குற கோழி, தலைக்கு இருநூறுக்கும் மேல வரும்.

ஜோதி: தலைக்கு இருநூறா? கறிக்கொழம்பு வைக்கவே ஆள் பத்தாதே.

பவுனு: அவுகளே திங்கவா வளக்குறாக? வெளியூருக்கு அனுப்புறாக. நம்ம பக்கத்துலயும் கொட்டகை போட்டிருக்காகள்ல, அதே கணக்குத்தான். குஞ்சும் தீவனமும் கம்பெனி குடுக்கும். கொட்டகையும் கெட்ட தூக்கமும் நம்மளுது.

ஜோதி: ஆக, கோழி பாக்க அமெரிக்கா போறீக.

பவுனு: ஆமா. சுத்திப் பாக்க. விண்ணப்பத்துலயும் அப்பிடித்தான் போட்டிருக்கு.

ஜோதி: ஏன் மதினி, ஊரு ஒலகம் நயாகராவப் பாக்கப் போகுது. சுதந்திர தேவி சிலையப் பாக்கப் போகுது. கோழிக் கொட்டகையப் பாக்க ஏரோப்ளேன் ஏறுன மொத ஆளு நீங்கதான். இந்தா, சீலையம்பட்டிக்குப் போற வழியில ஒரு கொட்டகை இருக்கு. டவுன் பஸ்ல ஓசியிலயே போயிட்டு வந்துரலாம்.

பவுனு: அது வேற கோழி.

ஜோதி: அது இங்கிலீசு பேசுமோ?

பவுனு: நீ ஆபீசர் வேல பாக்குறியா, ஏகடாசி பேச வந்தியா? வர்ற புதங்கெழம காலையில எட்டு மணிக்கு அங்கன நிக்கணும். நல்ல கேள்வியாக் கேளு.

ஜோதி: கேக்குறேன். ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் பேங்க் லீவு. காலையில போன் போட்டு, "ஜோதி, எனக்கு அமெரிக்கா விசாவுக்கு நாள் குடுத்துட்டாக, வந்து கேள்வி கேட்டுப் பழக்கிவிடு"ன்னீக. கையில இருந்த தோசக்கரண்டி கீழ விழுந்துருச்சு. பாஸ்போர்ட் எப்ப எடுத்தீக?

பவுனு: போன வருசம்.

ஜோதி: போன வருசமா? ஒரு வார்த்த சொல்லல?

பவுனு: ரேசன் கார்டு மாதிரி ஒண்ணு கெடக்கட்டுமேன்னு எடுத்தேன்.

ஜோதி: கெடக்கட்டும்... சரி. "அம்மா, டெலவரில் கோழியைத் தவிர வேறு என்ன இருக்கிறது?"

பவுனு: இப்பத்தான் நல்ல கேள்வி கேட்டிருக்க. கம்பெனி இருக்கு. மனுசனவிடக் கம்பெனி அதிகம். சனம் பத்து லட்சம்னா கம்பெனி இருபது லட்சம்.

ஜோதி: போங்க மதினி, கத விடாதீக.

பவுனு: சத்தியமாடி. எல்லாம் பேருக்குப் பதிஞ்சு வச்சுக்கிறது. தொழில் எங்கிட்டோ நடக்கும், வெலாசம் அங்கன இருக்கும். கம்பெனிக்காரகளுக்கு எடைஞ்சல் இல்லாம சட்டத்த எழுதி வச்சிருக்காக. அவுக சண்டையத் தீக்குறதுக்குன்னே தனியா ஒரு கோர்ட்டு. பதிவுக் காசுலயே மாநிலத்துப் பொழப்புல பெரும் பங்கு ஓடிருது. ஒரே ஒரு கட்டடத்துல மட்டும் ரெண்டு லட்சம் கம்பெனிக்கு மேல இருக்காம்.

ஜோதி: ஒரே கட்டடத்துலயா? கக்கூஸ் எத்தன?

பவுனு: பேருதாண்டி இருக்கும், ஆளு இருக்காது.

ஜோதி: ஓ, நம்ம ஊர் நூறு நாள் வேல மாதிரி.

பவுனு: ஏய்! வெளிய போயிச் சொல்லி வைக்காத... சிரிக்காதடி, பழம் உதுருது பாரு.

ஜோதி: நான் எங்க சிரிச்சேன், நீங்கதான் சிரிக்கிறீக. இன்னும் என்னென்ன இருக்கு? வரட்டும் வரட்டும்.

பவுனு: விற்பனை வரி கெடையாது. ஒரு பைசா கெடையாது. குமுளிக்காரக நம்ம கம்பத்துக்கு வந்து காய்கறி வாங்கிட்டுப் போறாகள்ல? அது மாதிரி பக்கத்து மாநிலத்துக்காரக டிவி, செல்போன் வாங்க அங்கன வர்றாக. அப்புறம் சோளம், சோயா. டபுள் பீன்ஸ் வெளையுது. முன்ன ஒரு காலத்துல பீச்சுப் பழம் வெளஞ்சு அந்த ஊரே மணக்குமாம். கொடைக்கானல்ல பிளம்ஸ் விப்பாகள்ல, அதுக்கு அண்ணந்தம்பி. மஞ்சள் நோய் மாதிரி ஒண்ணு வந்து மரத்தப் பூராம் அழிச்சுப்பிருச்சு. இப்பக் கொஞ்சந்தான் மிச்சம். ஆனாலும் மாநிலப் பூவு இன்னும் பீச்சுப் பூவுதான்.

ஜோதி: நெசமாவே எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீக.

பவுனு: தலைக்கு மேல என்ன கட்டியிருக்கு, சொல்லு.

ஜோதி: வலை. பழத்தக் குருவி தின்னுராம.

பவுனு: என்ன வலை?

ஜோதி: நைலான் வலை.

பவுனு: நைலானக் கண்டுபுடிச்சது எந்த ஊரு?

ஜோதி: டெலவரா? சும்மா இருங்க!

பவுனு: ஆமாங்குறேன். வெடிமருந்து ஆலையா ஆரம்பிச்ச கம்பெனி, நூறு வருசத்துக்கு மேல கழிச்சு நைலான் செஞ்சுச்சு. உங்கம்மா ஒரு ஊதா நைலக்ஸ் சேல வச்சிருந்தாகள்ல, விசேசத்துக்கு மட்டும் கட்டுவாக? அதுக்குப் பாட்டன் வீடு டெலவர்.

ஜோதி: எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா, அமெரிக்கச் சேலன்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டிருப்பாக. மதினி... நெசமாக் கேக்குறேன். எட்டாவது படிச்ச மனுசி. இதெல்லாம் எங்கன புடிச்சீக?

பவுனு: செல்போன்ல போடுறாகள்ல. அங்கனக்குள்ள நம்மாளுக எம்புட்டோ பேரு வீடியோ போடுறாக. கேட்டு நோட்டுல எழுதி வச்சுக்கிருவேன்.

ஜோதி: எந்த நோட்டு?

பவுனு: ...ஏதோ ஒரு நோட்டு.

ஜோதி: வேல்விழி பன்னெண்டாவதுல எழுதி மிச்சம் வச்ச நோட்டா?

பவுனு: தாளு வீணாப் போகுதேன்னு எழுதுனேன். அதுக்கென்ன இப்ப?

ஜோதி: ஒண்ணுமில்ல. ஆபீசர் கேள்விக்கு வருவோம். "டெலவரில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா?"

பவுனு: அடுத்த கேள்வி கேளு.

ஜோதி: அடுத்த கேள்வின்னு ஆபீசர்ட்டச் சொன்னா, அடுத்த ஆளக் கூப்புட்ருவாரு.

பவுனு: விண்ணப்பத்துலயே அந்தக் கேள்வி இருந்துச்சு. மக, வேல்விழின்னு சொன்னேன். பொய் எழுதக்கூடாதுல்ல. விண்ணப்பம் போட்டுக் குடுத்த சின்னமனூர் கம்ப்யூட்டர் சென்டர்க்காரரு டக்குனு நிமிந்து பாத்தாரு. "மக இருக்காகளா? அப்பப் பெறகென்ன, அவுககிட்ட ஒரு அழைப்பு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க. கையில இருந்தா நல்லது"ன்னாரு.

ஜோதி: வாங்க வேண்டியதான?

பவுனு: வாங்கலாம்...

ஜோதி: யாருகிட்டயாச்சும் கேட்டீகளா?

பவுனு: கொத்த மடியில வச்சு நசுக்காதடி, பெட்டியில அடுக்கு. காம்பு மேல பாக்க இருக்கணும்.

ஜோதி: நாலு வருசமாச்சு மதினி.

பவுனு: எனக்குக் கணக்கு தெரியும்.

ஜோதி: பெரியாத்துத் தண்ணி மலையாளத்துலருந்து வருது. அதத்தான் குடிக்கிறோம், அதத்தான் திராட்சைக்குப் பாச்சுறோம். தண்ணி வரலாம், மாப்பிள்ள மட்டும் வரக்கூடாதுன்னுட்டீக.

பவுனு: அவன் மலையாளத்தான்னா சண்ட போட்டேன்? எனக்குச் சொல்லலங்குறதுதாண்டி. ஒத்தப் புள்ள. மருந்தடிச்சு, கவாத்து வெட்டி, ஒவ்வொரு கொத்தாப் படிக்க வச்சேன். அமெரிக்காவுல கல்யாணத்த முடிச்சுப்பிட்டுப் போட்டோ அனுப்புறா. மால போட்டுக்கிட்டு நிக்கிறா, சிரிச்சுக்கிட்டு. போட்டோவுல எனக்கு எடம் இருந்துச்சா?

ஜோதி: கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீகளா?

பவுனு: ...மாட்டேன்.

ஜோதி: பாத்தீகளா!

பவுனு: மொதல்ல மாட்டேம்பேன். ரெண்டு நா சோறு திங்காமக் கெடப்பேன். மூணாம் நாளு சரிம்பேன். அந்த மூணு நாளு பொறுத்திருக்கலாம்ல அவ?

ஜோதி: அது அவளுக்கு எப்பிடித் தெரியும்? உங்க வயித்துக்குத்தான் தெரியும்.

பவுனு: அன்னிக்குப் போன்ல ஒரு வார்த்த சொல்லிப்பிட்டேன். இனிமே என் வாசல்ல உன் செருப்பு கெடக்கக்கூடாதுன்னு. அவ போன வச்சுட்டா. அதோட சரி.

ஜோதி: கத்திரிய வைங்க. வெரல வெட்டிக்கிரப் போறீக.

பவுனு: நாந்தான் சொன்னேன்ல, கை சும்மா இருந்தா முடியாதுன்னு... நீ கேளு. ஆபீசர் வேற என்ன கேப்பாரு?

ஜோதி: "டெலவரில் உங்கள் மகள் என்ன வேலை பார்க்கிறார்?"

பவுனு: பேங்க்ல கம்ப்யூட்டர் வேல. வில்மிங்டன் டவுன்ல. கிரெடிட் கார்டு குடுக்குற பேங்க் எம்புட்டோ அங்கனதான் இருக்கு. எண்பத்தொண்ணுல ஒரு சட்டம் போட்டாக, வட்டிக்கு இம்புட்டுதான்னு வரம்பு கெடையாதுன்னு. அம்புட்டுப் பேரும் மூட்டை முடிச்சக் கட்டிக்கிட்டு அங்க ஓடி வந்துட்டாக.

ஜோதி: வரம்பே கெடையாதா? எங்க மேனேஜர் காதுல போட்றாதீக. கூட்டுறவு பேங்க டெலவருக்கு மாத்திருவாரு.

பவுனு: ஆனா அந்த வேலையில நெலையில்லங்குற கஷ்டமும் இருக்குடி. திடீர்னு ஆளக் கொறைப்பாக...

ஜோதி: இருங்க இருங்க. போன ஆவணியில எனக்கு வேல நேரத்துல போன் போட்டு, "உங்க பேங்க்ல ஆளு கொறைக்கிறாகளா ஜோதி, உனக்கு ஒண்ணும் இல்லையே"ன்னு கேட்டீகளே... அது எனக்காக இல்லையா?

பவுனு: உனக்காகவுந்தான்.

ஜோதி: அடப்பாவி மதினி! எம்மேல எம்புட்டுப் பாசம்னு உருகிப்போயி, அன்னிக்குச் சாயங்காலமே கால் கிலோ அல்வா வாங்கிட்டு வந்தேன்!

பவுனு: அல்வா நல்லாத்தான் இருந்துச்சு.

ஜோதி: இருக்கும், இருக்கும்!

பவுனு: வில்மிங்டன்ல ஏதோ ஒரு பேங்க்ல ஆளக் கொறைக்கிறாகன்னு செய்தியில பாத்தேன். எந்த பேங்குன்னு புரியல. யாருகிட்டக் கேக்க? உங்கிட்டக் கேட்டா, நீ பேசுற பேச்சுல ஏதாச்சும் வெளிய வரும்னு பாத்தேன். நீ என்னடான்னா உங்க பேங்குக் கதையவே ஒரு மணி நேரம் பேசுன.

ஜோதி: அப்ப... நான் அவகூடப் பேசுறது தெரியுமா?

பவுனு: வாராவாரம் சனிக்கெழம காலையில எட்டு மணிக்கு உன் போன் எங்கேஜா இருக்கும். அந்நேரம் அங்கன வெள்ளிக்கெழம ராத்திரி. எனக்கு நேரக் கணக்கும் தெரியும்டி.

ஜோதி: தெரிஞ்சுமா நாலு வருசமா ஒரு வார்த்த கேக்கல?

பவுனு: என்னான்னு கேக்கச் சொல்ற? செருப்பு கெடக்கக்கூடாதுன்னு சொன்ன வாயால, செருப்பு எங்கடி கெடக்குன்னு கேக்கவா? அவ என்ன திங்கிறா, எப்பத் தூங்குறா, ஒண்ணும் தெரியாது. அந்த ஊர்ல என்ன வெளையுது, என்ன விக்கிது, எந்த ஆலையில சங்கு ஊதுது... அதத்தான் யாருகிட்டயும் கேக்காமத் தெரிஞ்சுக்க முடிஞ்சுச்சு. டபுள் பீன்ஸ் வெளையுதுன்னு படிச்ச அன்னிக்கு, சரி, நம்ம வீட்டுக் குருமா வைப்பான்னு நெனச்சுக்கிட்டேன்.

ஜோதி: வைப்பா மதினி.

பவுனு: அங்க மலையே கெடையாதாம் ஜோதி. உசரமான எடமே நம்ம ஊர் பெரிய கரட்டுக்குக் காணாதாம். எங்கிட்டுத் திரும்புனாலும் மலையப் பாத்து வளந்த புள்ள. கெழக்க மேகமல, மேக்க கேரளத்து மல. அங்கன அவளுக்குத் தெச எப்பிடித் தெரியும்?

ஜோதி: போன்ல பாத்துக்கிருவா மதினி. இப்ப எல்லாத்துக்கும் போன்தான்.

பவுனு: ம்...

ஜோதி: மூஞ்சியத் தொடச்சுக்கங்க. ஆபீசர் பயந்துருவாரு. அந்தக் கோழிக் கதையவே சொல்லுங்க. எப்பிடி ஆரம்பிச்சுச்சு?

பவுனு: அதுவா... அது ஒரு பொம்பள. நூறு வருசம் இருக்கும். முட்டைக்காக அம்பது குஞ்சு வேணும்னு எழுதிப் போட்டா. அனுப்புனவுக தப்பா ஐநூறு அனுப்பிப்பிட்டாக.

ஜோதி: ஐநூறா! வீடு முச்சூடும் கீச்சுக் கீச்சுன்னுருக்குமே. திருப்பி அனுப்பிட்டாளா?

பவுனு: இல்ல. ஒரு கொட்டகையப் போட்டு அம்புட்டையும் வளத்தா. கறிக்கு வித்தா. நல்ல வெல கெடச்சுச்சு. அடுத்த வருசம் ஆயிரம். அதப் பாத்து அக்கம்பக்கத்துல ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு இந்தத் தொழிலு.

ஜோதி: கேக்காம வந்த நானூத்தம்பதையும் கொட்டகையில சேத்துக்கிட்டா அந்த மகராசி. நீங்க கேக்காம வந்த ஒத்த மருமகனத் திருப்பி அனுப்பிட்டீக.

பவுனு: ...ஏண்டி, இதச் சொல்லத்தான் கோழிக் கதையக் கேட்டியா?

ஜோதி: கோழிக் கத நீங்க சொன்னது. நான் கூட்டிக் கழிச்சேன், அம்புட்டுதான். பேங்க்ல வேல பாக்குறவள்ல? கடைசிக் கேள்வி. "அமெரிக்காவில் எத்தனை நாள் தங்குவீர்கள்?"

பவுனு: ஆறு மாசம்.

ஜோதி: கோழி பாக்க ஆறு மாசமா? அதுக்குள்ள முட்டையே குஞ்சு பொரிச்சு, அது வளந்து முட்டையிட்ருமே. திராட்சைய யாரு பாக்குறது?

பவுனு: தோட்ட வேலைக்கு வர்ற சுருளியாண்டி பாத்துக்கிருவான். கவாத்துக்குத் திரும்பி வந்துருவேன். அத ஆபீசர்ட்டச் சொல்லலாம்ல? கவாத்துக்கு வரணும்னு?

ஜோதி: சொல்லலாம். எங்கன தங்குவீக?

பவுனு: வில்மிங்டன்ல லாட்ஜ் இருக்காம்ல. கொஞ்ச நாள் அதுல...

ஜோதி: லாட்ஜா? ஓடைப்பட்டி பவுனு, வில்மிங்டன்ல ரூம் போட்டு, மக வீட்டு எதுத்தாப்புல மரத்துக்குப் பின்னால நின்னு எட்டிப் பாக்கப் போறாகளாக்கும். போலீஸ் வந்தா, கோழி தேடுறேன்னு சொல்லுவீகளா?

பவுனு: சிரிக்காத.

ஜோதி: பின்ன அழுகவா? சரி, பெட்டி கட்டியாச்சான்னு காலையில உள்ள போயிப் பாத்தேன். சொல்லிப்பிடுறேன், கோவிக்கக்கூடாது. சுக்கு, பெருங்காயம், பூண்டு, கருப்பட்டி. பழைய நூல் சேலையக் கிழிச்சு, தொவைச்சு, மடிச்சு வச்சிருக்கீக. அரை முழம் அரை முழமா. டெலவர் கோழிக்கு அது எதுக்கு மதினி?

பவுனு: என் பெட்டிய யாருடி தொறக்கச் சொன்னா?

ஜோதி: பேறுகாலக் காய மருந்து செய்ற சாமானத்தக்கூடத் தெரியாத மடச்சியா நான்? யாரு சொன்னா உங்களுக்கு? நான் சொல்லல. சத்தியமா என் வாயிலருந்து வரல.

பவுனு: நீ சொல்லலதான். எமகாதகி. வாயத் தச்சு வச்சிருந்த. பொங்கல் முடிஞ்சு ஒரு அம்மா வந்தாக. கட்டப்பனையிலருந்து. திராட்சப் பழம் வேணும்னாக. இங்கனதான், இந்தக் கல்லுலதான் உக்காந்தாக. ஒரு பழத்தத் தின்னாக, நல்ல மதுரம்னாக. அப்புறம் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாக. எனக்குன்னா, வெல பேச வெக்கப்படுறாக போலன்னு நெனப்பு.

ஜோதி: யாரு, நம்ம சம்பந்தியம்மாவா? பிஜுவோட அம்மாவா?

பவுனு: ஆமா. "மோளுக்கு நாலாம் மாசமாணு"ன்னாக. எந்த மோளுன்னேன். "வேல்விழி"ன்னாக. கையில இருந்த கூடைய எங்க வச்சேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவுகளுக்கு டிக்கெட் எடுத்துத் தர்றேன்னு மகன் சொன்னானாம். வேணாம்னுட்டாகளாம். "மொத பிரசவத்துக்குப் பெத்த அம்ம வேணும். ஞான் போயா அந்த எடம் நெறஞ்சு போகும், பெறகு நீங்க வர முடியாது. அதுகொண்டு ஞான் போகில்லா"ன்னாக.

ஜோதி: அப்பிடியா சொன்னாக...

பவுனு: என் எடத்தக் காலியா வச்சுட்டுப் போறதுக்காக ஒருத்தி மலையிலருந்து எறங்கி வந்திருக்கா. நான் என்ன மனுசிடி? ஒரு பெட்டிப் பழத்தத் தூக்கி பஸ்ல வச்சேன். நல்ல கொத்தாப் பொறுக்கி. மறுநாள் சின்னமனூருக்குப் போயி விசாவுக்கு எழுதிப் போட்டேன்.

ஜோதி: மூணு மாசமா மனசுல வச்சுக்கிட்டு, எங்கிட்டக் கோழிக்கணக்கு சொல்லிக்கிட்டு இருக்கீக.

பவுனு: நீ மட்டும் சொன்னியா?

ஜோதி: எனக்குக் கட்டளை. சரி, நேரா அவளுக்கே ஒரு போன் போட்டா என்ன? ஆபீசர் விசா தரமாட்டேன்னா என்ன செய்வீக?

பவுனு: ஆபீசர் மாட்டேன்னா பரவாயில்லடி. அந்தாளுக்கும் எனக்கும் என்ன இருக்கு? திரும்பிப் பஸ் ஏறி வந்துருவேன். போனப் போட்டு, அவ மாட்டேன்னுட்டா? வராத அம்மான்னுட்டா? அதக் கேட்டுட்டு நான் எந்தப் பஸ் ஏறுறது?

ஜோதி: அதுக்குத்தான் லாட்ஜா?

பவுனு: வலி எடுக்குறப்ப பக்கத்துத் தெருவுல இருந்தாப் போதும். கூப்புட்டாப் போவேன். கூப்புடலன்னா... ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன். கண்ணாடிக்கு வெளியவாச்சும் பாக்கவிடுவாகள்ல?

ஜோதி: மதினி, கத்திரியக் குடுங்க. குடுங்குறேன்ல. என்னையப் பாருங்க. ஆபீசருக்கு இல்ல, எனக்குச் சொல்லுங்க. நேரா ஒரு வார்த்த. அவகிட்டருந்து உங்களுக்கு என்ன வேணும்?

பவுனு: தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடி கேக்குற?

ஜோதி: உங்க வாயால வரணும்.

பவுனு: ...வான்னு சொல்லச் சொல்லுடி. எனக்காக அவகிட்டக் கேளு. அம்மாவ வரச்சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கச் சொல்லு. நான் கேட்டேன்னே சொல்லு. என் பேரச் சொல்லியே கேளு.

ஜோதி: அப்பாடி! நாலு வருசத்துல இந்த ஒத்த வார்த்தையப் புடுங்குறதுக்குள்ள என் உசுரு போயிருச்சு. அந்த நீலப் பைய இங்கிட்டுத் தள்ளுங்க. டிபன் பாக்ஸுக்குக் கீழ ஒரு கவர் இருக்கு பாருங்க.

பவுனு: என்னடி இது? இங்கிலீசா இருக்கு.

ஜோதி: மேல இங்கிலீசு, ஆபீசருக்கு. கீழ தமிழு, உங்களுக்கு. இருங்க, நானே படிக்கிறேன். "என் தாயார் திருமதி பவுனு அவர்கள், என் பிரசவத்துக்காக வந்து, என் வீட்டில் என்னுடன் தங்குமாறு அழைக்கிறேன்." கையெழுத்து, வேல்விழி. வெலாசம். போன் நம்பர்.

பவுனு: என் வீட்டில் என்னுடன்னா எழுதியிருக்கு?

ஜோதி: எழுத்துக்கூட்டி நீங்களே பாருங்க. அவ கையெழுத்து மறந்து போச்சா?

பவுனு: இந்த 'ழ'வ இப்பிடித்தான் வாலச் சுழிச்சு எழுதுவா... எப்படி அவளே? நான் கேக்கக்கூட இல்லயே... எம்மேல கோவமா இருப்பான்னுல்ல நெனச்சேன்.

ஜோதி: கோவந்தான். பாதி ஓடைப்பட்டிக் கோவம், மீதி எங்கண்ணன் கோவம். அதான் ஒரு கட்டளை போட்டா. "அத்த, அம்மா தானா வாயத் தொறந்து கேட்டா மட்டும் குடுங்க. கேக்கலன்னா நான் எழுதுனேன்னே தெரியக்கூடாது"ன்னு.

பவுனு: அம்புட்டு ரோசம். யாரப் போல வந்திருக்கு பாரு... எப்ப எழுதுனாடி இத? புள்ள உண்டானப் பெறகா?

ஜோதி: இது போன மாசம் எழுதுனது. ஆனா இது நாலாவது லெட்டர் மதினி. "என்னுடன் தங்குமாறு அழைக்கிறேன்"னு கல்யாணமான வருசத்துலருந்து வருசத்துக்கு ஒண்ணு, தேதிய மாத்திப் போட்டு அனுப்பிக்கிட்டே இருக்கா. மத்த மூணும் எங்க வீட்டு பீரோவுல, என் பட்டுச்சேலைக்கு அடியில கெடக்கு.